கேட்டவர் தலையில் குட்டாதீர்கள்

சென்ற இதழில், இணையத்தில் முகம் தெரியாதவர்களுக்கு உதவுவது பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே பதில். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் நடத்தி ஓய்வுபெற்றவள். ஊர் பாளையங்கோட்டை. காலையில் மாடித்தோட்டக் குழு, சாயங்காலம் பைத்தான் நிரல்மொழி, எக்செல் குழுக்கள் என்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர், கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு நிரலாக்கத் தளத்தில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். ‘கூகுளில் தேடத் தெரியாதா?’ என்று ஒருவர் கீழே எழுதினார். அதற்கப்புறம் அங்கே நான் வாயே திறக்கவில்லை. இப்போது ஒரு தமிழ்க் குழுவில் பதில் சொல்கிற இடத்தில் நான் இருக்கிறேன். அதே பழைய கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்போது எனக்கும் எரிச்சல் வருகிறது. என்ன செய்யலாம்?
மாணவர், கோயம்புத்தூர்

உங்கள் கேள்வியை மூடினார்களே, அதில் ஒரு நியாயம் உண்டு. நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008-இல் தொடங்கியதே அந்தக் கணக்கில்தான். ஒரு சிக்கலுக்கான நல்ல பதில்கள் ஒரே இடத்தில் சேர வேண்டும், பின்னால் தேடி வருகிறவர்கள் அங்கேயே படித்துத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரே கேள்வி நூறு இடத்தில் கிடந்தால் ஒன்றில் பழைய பதில் இருக்கும், இன்னொன்றில் தப்பான பதில் இருக்கும். அதனால் இந்த மாதிரித் தளங்களில் புதுக் கேள்வியை மூடிவிட்டுப் பழையதற்கு வழி காட்டுவார்கள். அது தண்டனை இல்லை என்பதை அங்கே புதிதாக வருகிறவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதால்தான் கதவைச் சாத்திய மாதிரி படுகிறது.

ஆனால் ‘தேடத் தெரியாதா?’ என்று கேட்டதில் எந்த நியாயமும் இல்லை. தேடுவதற்கு முதலில் அந்தச் சிக்கலின் பெயர் தெரிய வேண்டும். என்னிடம் பிள்ளைகள் கேட்பது இப்படித்தான் இருக்கும்: ‘டீச்சர், புரோகிராம் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு.’ அதை அப்படியே கூகுளில் போட்டுப் பாருங்கள், ஒன்றும் தேறாது. ‘இன்ஃபினிட் லூப்’ (முடிவில்லாச் சுற்று) என்று போட்டால் பதில் கொட்டும். அந்தப் பெயர் தெரியாததால்தான் அவன் மனிதர்களிடம் வருகிறான். ‘இதற்கு இன்ஃபினிட் லூப் என்று பேர் தம்பி, வொயில் வரிக்குள்ளே ஐ-யின் மதிப்பை நீ கூட்டவே இல்லை பார்’ என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை அவனே தேடிக்கொள்வான்.

பழைய பதிலுக்கு இணைப்புக் கொடுப்பது தவறில்லை. வெறும் இணைப்பை மட்டும் வீசாதீர்கள். அந்தப் பக்கத்தில் பத்துப் பதில் இருக்கும். எது தனக்குப் பொருந்தும் என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? ‘இதில் இரண்டாவது பதிலைப் பாருங்கள், உங்களுக்கு வருகிற அதே பிழைச்செய்தி அங்கே இருக்கிறது’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிதான் உதவி.

2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே தன் வலைப்பதிவில், புதிதாக வருகிறவர்கள், பெண்கள் எனப் பலருக்கு இந்த இடம் அந்நியமாக, கடுமையாக இருக்கிறது, இது மாற வேண்டும் என்று எழுதியது. அதே ஆண்டு, முதன்முதலாகக் கேட்கிறவரின் பதிவில் ‘இவர் புதியவர்’ என்று காட்டும் அடையாளத்தையும் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே இதை எழுதிவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனவே உங்களுக்கு எரிச்சல் வருவது இயற்கை. வந்தால் அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். வேறொருவர் எழுதட்டும். எரிச்சலோடு எழுதிய சரியான பதிலைவிட, ஒரு மணி நேரம் கழித்து வரும் சாந்தமான பதில் எவ்வளவோ மேல். பொதுவில் வந்து ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலை நாம் பறித்துவிடக்கூடாது. உங்களிடம் ஒருவர் அதைத்தான் பறித்தார்.

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் யார் ‘மிளகாய் இலை சுருளுது’ என்று கேட்டாலும் உடனே ‘வேப்பெண்ணெய் அடிங்க’ என்று வரிசையாகப் பதில் வருகிறது. நான் திருப்பிக் கேள்வி கேட்டால், ‘தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலைன்னா விடுங்க, எதுக்கு விசாரணை?’ என்கிறார்கள். கேட்டவரிடமே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவா?
வாசகி, தஞ்சாவூர்

நிச்சயமாக இல்லை. மிளகாய் விஷயத்தில் நீங்கள் கேட்கிற ஒரு கேள்வியில்தான் பதிலே இருக்கிறது: இலை மேல்பக்கமாகச் சுருண்டிருக்கிறதா, கீழ்பக்கமாகவா? மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். வெள்ளை ஈ கொண்டுவருகிற இலைச்சுருள் வைரஸ் என்றால் எதை அடித்தாலும் அந்தச் செடி தேறாது. பிடுங்கிப் போட்டுவிட்டால் பக்கத்துத் தொட்டிகளாவது பிழைக்கும். மூன்றுக்கும் ஒரே பதில் சொல்கிறவர், கேட்டவரின் செடியைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

எக்செல் குழுவிலும் இதே கதைதான். ஒரு கணக்குப்பிள்ளை, ‘எண்ணுக்கு முன்னால் இருக்கிற பூஜ்யம் காணாமல் போகிறது, எப்படிச் சேர்ப்பது?’ என்று கேட்டார். பூஜ்யம் சேர்க்க ஆளுக்கொரு ஃபார்முலா கொடுத்தார்கள். எல்லாமே சரியான ஃபார்முலா. ஒருவர் மட்டும், ‘அது என்ன எண்?’ என்று கேட்டார். வங்கிக் கணக்கு எண். அதில் சில 16 இலக்கம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வருவதைப் பூஜ்யமாக்கிவிடும். அதாவது முன்னால் போன பூஜ்யத்தைத் திரும்பச் சேர்த்தாலும், கடைசியில் போன இலக்கம் திரும்பி வராது. அந்தக் கட்டங்களை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவைத்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்வது ஒன்றுதான் வழி. அந்த ஒரு கேள்வி வராமல் இருந்திருந்தால் யாருடைய சம்பளம் யாருக்குப் போயிருக்குமோ!

நீங்கள் மாற்ற வேண்டியது கேட்கிற விதத்தை மட்டும்தான். ‘தண்ணி எவ்ளோ, வெயில் எவ்ளோ, எந்த மண்ணு, எப்ப நட்டீங்க’ என்று அடுக்கினால் போலீஸ் விசாரணை மாதிரிதான் தோன்றும். ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: ‘இலையைத் திருப்பி ஒரு படம் போடுவீங்களா? எந்தப் பூச்சின்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும்.’ காரணம் தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டீச்சர், இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண், தோட்டத்தில் பாம்பு கடித்துவிட்டது என்று பாம்பின் படத்தைப் போட்டு ‘இது விஷமா?’ என்று கேட்டார். ஊரே மாமா என்று கூப்பிடும் ஒரு பெரியவர், ‘இது சும்மா பாம்பு, பயப்படாதே, கயிறு இறுக்கிக் கட்டு, லேசாகக் கீறி ரத்தத்தை வெளியேற்று’ என்று எழுதினார். தப்பு என்று எனக்குத் தெரியும். பெரியவரை எல்லார் முன்னாலும் எப்படி மறுப்பது என்று திகைத்து நின்றுவிட்டேன். நல்லவேளை, அந்தப் பெண்ணின் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். இனி இப்படி நடந்தால் எப்படி எழுதுவது?
வாசகர், தென்காசி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே உங்கள் முதல் வரி மாமாவுக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு. ‘கட்டாதீங்க, கீறாதீங்க. கையை ஆட்டாம வச்சுக்கிட்டு உடனே 108-க்கு அடிங்க, அரசு மருத்துவமனைக்குப் போங்க.’ இதை எழுதி அனுப்பிவிடுங்கள். முடிந்தால் போனிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்கள், குழுவைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருக்காது. அப்புறம் மாமாவுக்கு: ‘மாமா, முன்னாடி அப்படித்தான் செய்வாங்க. இறுக்கிக் கட்டினா ரத்த ஓட்டம் நின்னு கை கால் போயிடும்னு டாக்டருங்க இப்ப வேண்டாங்கறாங்க.’ அவரைக் குறை சொல்கிற ஒரு வார்த்தையும் இதில் இல்லை. தப்பைச் சொல்லாமலும் விடவில்லை. தனியாக அவருக்குச் செய்தி அனுப்பித் திருத்தச் சொல்வது மரியாதைதான். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அதற்கு அவகாசம் கிடையாது. பொதுவில் சொன்னதைப் பொதுவில்தான் திருத்த வேண்டும், அதுவும் உடனே.

படத்தைப் பார்த்துப் பாம்பின் பெயரைச் சொல்வதில் எல்லாருக்கும் ஓர் ஆசை. அங்கேதான் ஆபத்து. கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும் மங்கலான செல்போன் படத்தில் ஒன்றுபோல இருக்கும். முன்னது கொல்லும், பின்னதற்கு விஷமே இல்லை. விஷமில்லாத மண்ணுளி என்று நினைத்துக் கண்ணாடி விரியனைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல நேரம் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. ‘ஒண்ணும் இல்லை’ என்று படுத்துவிட்டால் இமை தொங்கி, மூச்சு முட்டும்போதுதான் தெரியவரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத்தான் நம் நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராகிறது. மருத்துவர் நோயாளியின் அறிகுறிகளைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்குவார். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம், பெயர் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆகவே ‘இது விஷமா?’ என்ற கேள்விக்கு, கடி பட்டவரிடம் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: ‘ஆஸ்பத்திரிக்குப் போங்க.’

ஊகத்தைப் பதிலாகச் சொல்லக் கூடாது என்று கறாராக இருக்கும் இடங்கள் இணையத்தில் உண்டு. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஆஸ்க்ஹிஸ்டாரியன்ஸ் என்று வரலாற்றுக் கேள்விகளுக்கான ஒரு குழு இருக்கிறது. மேலோட்டமான, ஆதாரம் காட்ட முடியாத பதில்களை அங்கே எடுத்துவிடுவார்கள். நல்ல கேள்வி ஒன்று பதிலே இல்லாமல் நிற்பதும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. அசோகர் காலத்தைப் பற்றிய கேள்விக்கே அவ்வளவு கவனம் என்றால், பாம்புக்கடிக்கு எவ்வளவு வேண்டும்! உங்கள் குழுவை நடத்துகிறவரிடம் பேசுங்கள். ‘பாம்புக்கடி, தீக்காயம், மருந்தின் அளவு, இவை பற்றி இங்கே யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது, 108 மட்டும்’ என்று ஒரு வரியைக் குழுவின் முகப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மாமாவையே அதை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் குழுவில் வந்து, ‘பகா எண் புரோகிராம் முழுசா எழுதித் தாங்க அண்ணா, நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும்’ என்கிறார்கள். பாவமாக இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சரியா?
மென்பொருள் ஊழியர், ஓசூர்

பாவப்படுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். ‘15 பகா எண் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது? அதை அப்படியே தமிழ்ல நாலு வரி எழுது’ என்று கேளுங்கள். ‘3-ஆல வகுபடுது’ என்று எழுதுவான். ‘அதுக்கு முன்னாடி எதால வகுத்துப் பார்த்தே?’ என்று கேளுங்கள். அங்கேயே லூப் வந்துவிட்டது. அவன் எழுதிக்கொண்டு வந்ததும், ‘1-ஐ உள்ளே கொடுத்துப் பார்’ என்று சொல்லுங்கள். பாதிப் பேர் எழுதியது 1-ஐப் பகா எண் என்று சொல்லும். அது தப்பு என்று அவனே கண்டுபிடிக்கட்டும். அந்த முகமலர்ச்சியை நேரில் பார்த்தவள் சொல்கிறேன், அதைப் பிள்ளையிடமிருந்து தட்டிப் பறிக்காதீர்கள்.

இன்னொன்று. பிள்ளைகள் மானிட்டரைச் செல்போனில் படம் எடுத்துப் போடுவார்கள். ‘எழுத்தாகப் போடத் தெரியாதா?’ என்று சீறாமல், ஏன் என்று சொல்லுங்கள். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் ஓரிடத்தில் டேப், இன்னோரிடத்தில் நாலு ஸ்பேஸ் என்று கலந்துவிட்டால் ‘டேப் எரர்’ வரும். படத்தில் இரண்டும் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும், கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வேர்டில் தட்டச்சு செய்து ஒட்டினால் மேற்கோள் குறி வளைந்துபோய்ப் பைத்தான் ஏற்காது, அதுவும் படத்தில் சட்டென்று புலப்படாது. இதை ஒருமுறை விளக்கிச் சொன்ன பிள்ளை என்னிடம் மறுபடி படம் அனுப்பியதில்லை.

குழுவில் ஒருவருக்கு வருமான வரி படிவம் பற்றிப் பதில் சொன்னேன். அடுத்த நாளே தனிச் செய்தியில், ‘போன் நம்பர் தாங்க, பேசிப் புரிஞ்சுக்கறேன்’ என்றார். பதில் போடாததால் ‘தலைக்கனம்’ என்று எழுதினார். உதவ வந்தது தப்போ என்று இருக்கிறது.
வாசகி, ஈரோடு

தப்பே இல்லை அம்மா. உதவி செய்ததால் உங்கள் நேரத்தின் மீதோ, போன் மீதோ யாருக்கும் உரிமை வந்துவிடாது. ‘குழுவிலேயே கேளுங்க, அங்கேயே சொல்றேன்’ என்ற ஒரு வரியை எழுதிவைத்துக்கொண்டு அதை மட்டும் அனுப்புங்கள். மறுபடி வந்தால் தடை செய்துவிட்டு, நிர்வாகியிடம் அந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுங்கள். பெண்கள் பலர் பதில் தெரிந்தும் குழுக்களில் பேசாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். இது நிர்வாகிகள் பார்க்க வேண்டிய வேலை, நீங்கள் தாங்க வேண்டிய சுமை இல்லை.

பொதுவில் பதில் சொல்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தனியாகச் சொல்கிற பதிலைத் திருத்த ஆள் கிடையாது. குழுவில் என்றால் ஒரு ஆடிட்டர் பார்த்து, ‘இந்த வருஷம் அது மாறிடுச்சு’ என்று சொல்லிவிடுவார். தனிச் செய்தி அனுப்ப வேண்டிய ஒரு நேரம் உண்டு: கேட்கிறவர் அறியாமல் ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ தெரிகிற படத்தைப் போட்டிருந்தால். அப்போது பதிலெல்லாம் அப்புறம், முதலில் படத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்டு, வருகிற பதிலை அப்படியே குழுவில் போடுகிறேன். எல்லாருக்கும் பயன்தானே? ஒருவர் கடிந்துகொண்டார்.
வாசகர், மதுரை

கடிந்திருக்க வேண்டாம். ஆனால் அவர் சொல்ல வந்தது சரி. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் வெளிவந்தது. ஒரு வாரம் ஆவதற்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதன் பதில்களைத் தளத்தில் போடத் தடை விதித்தது. பார்க்க நேர்த்தியாக இருக்கின்றன, ஆனால் தவறுகள் அதிகம், சரிபார்க்காமலே ஏராளமாகக் குவிக்கிறார்கள் என்பதுதான் அப்போது சொன்ன காரணம். கருவிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ தேறியிருக்கின்றன, இருந்தாலும் அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. கேட்டவரும் போன் வைத்திருக்கிறார், அவரே அதனிடம் கேட்டிருக்கலாம். மனிதர்களிடம் வந்தது, இதைக் கையால் செய்து பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடித்தான். நீங்கள் அந்த ஃபார்முலாவை உங்கள் கணினியில் போட்டுப் பார்த்து, வேலை செய்தால் ‘இப்படி வந்தது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன்’ என்று எழுதுங்கள். அப்போது அது உங்கள் பதில், அதற்கு நீங்கள் பொறுப்பு. போட்டுப் பார்க்க முடியாத விஷயமா, போடாதீர்கள்.

ஆங்கிலம் அரைகுறை. தமிழிலேயே கேட்க நல்ல இடம் உண்டா?
வாசகர், திருவண்ணாமலை

கோரா என்ற கேள்வி-பதில் தளத்தின் தமிழ்ப் பகுதியில் கேட்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பழகுகிறீர்கள் என்றால் அங்கே ‘ஒத்தாசைப் பக்கம்’ என்றே ஒரு பக்கம் இருக்கிறது, பொதுவாகப் பேசுவதற்கு ‘ஆலமரத்தடி’ இருக்கிறது. தங்கிலீஷில் கேட்டாலும் யாராவது பதில் சொல்வார்கள், கூச்சப்படாதீர்கள். பதில் சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒருவர் பிழையோடு எழுதினால் அவருடைய செடியைப் பற்றியோ புரோகிராமைப் பற்றியோ பேசுங்கள், ஒற்றெழுத்தைப் பற்றி வேண்டாம்.

பதில் கிடைத்ததும் ‘நன்றி’ என்று மட்டும் போட்டால் போதுமா? கேள்வியை அழித்துவிடலாமா?
வாசகி, நாகர்கோவில்

அழிக்காதீர்கள். நீங்கள் பதிலைப் படித்து முடித்துவிட்டீர்கள், அடுத்த மாதம் இதே சிக்கலோடு வருகிறவர் இன்னும் படிக்கவில்லை. உங்களுக்காக நேரம் செலவழித்து எழுதியவரின் பதிலும் சேர்ந்து போய்விடும். நன்றி சொல்லுங்கள், அதோடு என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். ‘சரியாயிடுச்சு’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போனால் எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது. ‘தண்ணியைக் குறைச்சேன், கேட்கலை. தொட்டியை நிழலுக்கு மாத்தினேன், இப்ப புதுத் தளிர் விடுது’ என்று எழுதினால், பதில் சொன்னவருக்கும் தான் சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரியும். பலிக்கவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள், தயங்க வேண்டாம்.